குடியை விட்டபின் விடவேண்டியவை

குடிப்பழக்கத்தினால் ஒரு குடும்பம் சீரழிவதைப் பற்றி எழுதாத பத்திரிகையும் இல்லை. பேசாத மேடையும் இல்லை. குடித்தவர் அதனை விட்டொழித்த பின்னர் அக்குடும்பத்தில் நிகழ்வது யாது என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. "அவர் குடியை விட்டுவிட்டார்" என்ற நற்செய்தியோடு கதை முடிந்துவிட்டதாக உறவினரும் அயலவரும் எண்ணுகின்றனர். உள்ளபடி நோக்கினால், கதையின் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அப்பகுதியைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

தவறணைக்குப் போவதை நிறுத்திய ஒருவரின் வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். சம்பளப் பணம் குறையாமல் வீடு வந்து சேருகிறது. இரவிலே படலை திறக்கும் ஓசை கேட்டுப் பிள்ளைகள் நடுங்குவதில்லை. அடகிலிருந்த காப்பை மனைவி மீட்டுக்கொண்டாள். எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டிய அவ்வீட்டில் மகிழ்ச்சியைக் காணவில்லை. கறியில் உப்புச் சற்றுக் கூடினாலும் கோப்பை பறக்கிறது. கடைக்குப் போனவர் சிறிது தாமதித்து வந்ததற்குக் காரணம் கேட்டால், "என்னைச் சந்தேகிக்கிறீரோ?" என்ற அதட்டல் எழுகிறது. மூன்று மாதம் குடியாதிருந்தமைக்காக வீட்டார் யாவரும் தமக்கு என்றென்றும் கடமைப்பட்டவர்கள் என அவர் கருதுகிறார். "நான் குடியை விட்டு மூண்டு மாதம். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்று அவர் கேட்கும்போது மனைவியிடம் மறுமொழியில்லை. போத்தல் வீட்டை விட்டுப் போய்விட்டது. போத்தலை நாடிய மனம் வீட்டிலேயே இருக்கிறது.

இந்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை. ஒன்றில் அம்மனம் திருந்தவேண்டும். அன்றேல் அது மீண்டும் போத்தலைத் தேடிச் செல்லும். குடியை விட்டவர் அடுத்ததாக விடவேண்டியவை எவை, அவற்றை விடுவதற்கு வழி யாது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

மேலே செல்லுமுன் மருத்துவம் கூறும் உண்மை ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவருடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. அதனாலேயே குடியைத் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. சிலருக்கு முதலிரண்டு நாட்களுள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டு நாள் தொடக்கம் நான்கு நாட்களுள் மனங்கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும். இவை உயிருக்கே ஆபத்தானவை. ஆதலால், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் "இன்றோடு விட்டேன்" என்று வீரம் பேசி அறைக்குள்ளே தனித்துக் கிடத்தலாகாது. வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். தம்மால் இயலாததை இயலாது என்று இன்னொருவரிடம் வாய்திறந்து சொல்லுதல் பணிவின் முதற்பாடம். அப்பாடம் வைத்தியசாலை வாயிலிலேயே தொடங்கிவிடுகிறது.

நோய் என்று சொல்வதனாற் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. நீரிழிவு வந்தவர் அது வந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் உணவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவருடையதே. குடிநோயும் அத்தகையது. வெட்கத்தை நீக்குவதற்கு நோய் என்னும் அறிவு உதவுகிறது. அதனைச் சினத்துக்கும் பொய்க்கும் சாட்டாகக் கொள்வது நோயை வளர்ப்பதாகவே முடியும்.

இந்நோய்க்குப் பணிவு ஒரு மருந்தாக வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அது நிகழ்ந்த இடம் அமெரிக்கா. நியூயோர்க் நகரிலே பங்குச் சந்தைத் தொழிலில் ஈடுபட்டிருந்த பில் வில்சன் என்பவர், குடியினாற் பொருளையும் நற்பெயரையும் இழந்து, 1934 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்நகரிலிருந்த டவுன்ஸ் வைத்தியசாலையிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆழ்ந்ததோர் ஆன்மிக அனுபவம் வாய்த்தது. அறை முழுதும் ஒளி நிறைந்ததுபோலவும் தாம் விடுதலை பெற்றதுபோலவும் உணர்ந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அதன்பின் அவர் குடிக்கவில்லை. தாம் பெற்ற பேற்றைப் பிறரும் பெறவேண்டுமென்று குடிகாரர்களைத் தேடித் தேடிச் சென்று பேசினார். ஏறத்தாழ ஐந்து மாதம் இவ்வாறு உழைத்தும் ஒருவரேனும் குடியிலிருந்து மீண்டாரில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சில்க்வேர்த் காரணத்தைக் கண்டு சொன்னார். பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, முதலில் நோயின் தன்மையை எடுத்துரைக்குமாறு அறிவுறுத்தினார்.

1935 ஆம் ஆண்டு மே மாதம் வில்சன் ஒரு வியாபார அலுவலாக ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றார். றப்பர் டயர் உற்பத்தியினாற் பெயர்பெற்ற நகரம் அது. சென்ற காரியம் தோல்வியில் முடிந்தது. ஊரில் அறிந்தவர் எவருமில்லை. சனிக்கிழமை மாலையில் மேஃபிளவர் என்னும் ஹோட்டலின் முன்மண்டபத்தில் அங்குமிங்கும் உலாவிக்கொண்டிருந்தார். ஒருபுறம் மதுச்சாலையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. மறுபுறம் ஒரு தொலைபேசியும் அந்நகரத் தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன.

தாம் அன்றிரவு குடியாதிருக்க வேண்டுமாயின் இன்னொரு குடிகாரரோடு பேசியே ஆகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை பிறரைக் காப்பாற்றுவதற்காகப் பேசியவர், அன்று தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பேச விரும்பினார். பட்டியலிற் கண்ட ஒரு குருவானவரை அழைத்தார். அவர் மூலமாகக் கிடைத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, ஈற்றில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்னும் அம்மையாரிடம், தாம் நியூயோர்க்கிலிருந்து வந்துள்ள குடிகாரர் என்பதை ஒளிக்காமற் சொன்னார். முன்பின் அறியாத ஒரு பெண்மணியிடம் தம்மைப் பற்றி இவ்வாறு சொல்வதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள், மே 12 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை மாலை, அவ்வம்மையாரின் இல்லத்தில் வில்சன் ஒரு வைத்தியரைச் சந்தித்தார். அவர் பெயர் றொபேட் ஸ்மித், சத்திர சிகிச்சை நிபுணர், வில்சனிலும் வயதில் மூத்தவர், கல்வியிற் சிறந்தவர், நெடுங்காலக் குடிகாரர். உபதேசங்கள் பல கேட்டுச் சலித்த அவர், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்து பேசிச் சென்றார். குடிநோயைப் பற்றித் தாமே பட்டறிந்து பேசிய ஒருவரை வாழ்நாளில் முதன்முதலாக அன்றுதான் கண்டதாக ஸ்மித் பின்னர் எழுதினார். அவர் கேட்டது உபதேசமாயின் அவர் பழையபடியே எழுந்து போயிருப்பார். தமக்கு உதவி வேண்டும் என்று வந்த ஒருவரின் சொல்லாதலால் அது அவருடைய நெஞ்சினுட் சென்றது.

ஸ்மித்தும் உடனே மீண்டுவிடவில்லை. சில வாரங்களின் பின் ஒரு வைத்திய மாநாட்டுக்குச் சென்ற இடத்தில் மீண்டும் குடித்தார். நடுக்கத்தோடு திரும்பிய அவர் ஒரு சத்திர சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கையை நிலைப்படுத்துவதற்காக அன்று வில்சன் கொடுத்த பியரே அவர் அருந்திய இறுதி மது. அந்நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 ஆந் திகதியையே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் எனப்படும் சங்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அப்பெயரின் பொருள்.

அக்காலத்தில் ஸ்மித் செய்த காரியம் ஒன்று நம் சிந்தனைக்குரியது. தம் குடியைப் பற்றி எவரெவர் அறிந்துவிடுவரோ என்று அதுவரை அஞ்சினாரோ, அவர்களிடமே சென்று தமக்கிருந்த நோயைச் சொன்னார். தம்மால் துன்புற்றவர்களின் வீடுகளுக்கு மோட்டார் வண்டியிற் சென்று மன்னிப்புக் கேட்டார். வைத்தியத் தொழிலிலுள்ள ஒருவருக்கு இச்செயல் பிழைப்பையே அழித்துவிடக்கூடும். அவர் நடுங்கிக்கொண்டேதான் சென்றார். நள்ளிரவில் வீடு திரும்பியபோது உடல் களைத்திருந்தது. மனம் மிக மகிழ்ந்திருந்தது. இதில் ஒரு வியப்பும் உண்டு. எவரும் அறியார் என்று அவர் நம்பியிருந்த இரகசியத்தைப் பலர் முன்னரே அறிந்திருந்தனர். வெளியே தெரியாமல் மறைப்பதற்கு அவர் பட்ட பாடெல்லாம் அவர் ஒருவரையே ஏமாற்றியிருந்தது.

இவ்வனுபவங்களைத் திரட்டி, 1938 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வில்சன் பன்னிரண்டு படிகளாக வகுத்து எழுதினார். 1939 ஏப்ரல் மாதத்தில் அவை சங்கத்தின் பெயரையே கொண்ட நூலில் வெளிவந்தன. அவற்றுள் மது என்னும் சொல் முதற்படியில் மாத்திரமே வருகிறது. மதுவின் முன் தாம் வலியற்றவர் என்று அப்படியில் ஒப்புக்கொண்டபின், ஏனைய படிகள் பெரும்பாலும் மனிதனுடைய குணத்தைப் பற்றியே பேசுகின்றன. நான்காம் படியில் தம் குறைகளை அஞ்சாது ஆராய்ந்து பட்டியலிடவேண்டும். ஐந்தாம் படியில் அவற்றை இறைவனுக்கும் தமக்கும் இன்னொரு மனிதருக்கும் ஒளியாமற் கூறவேண்டும். ஆறாம் படி, அக்குறைகள் நீங்குவதற்கு முழுமனத்தோடு ஆயத்தமாதல். ஏழாம் படி, அவற்றை நீக்கியருளுமாறு பணிவோடு இறைவனை வேண்டுதல். இவை முடிந்த பின்னரே, தம்மாற் கெடுக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரஞ் செய்யும் எட்டாம் ஒன்பதாம் படிகள் வருகின்றன. மன்னிப்புக் கேட்கப் போகுமுன் மனம் பணிந்திருக்கவேண்டும் என்பது இவ்வரிசையிலே தெளிவு. பணியாத மனத்தோடு கேட்கும் மன்னிப்பு இன்னொரு சண்டையிலே முடியும்.

ஆறாம் படி பார்வைக்கு எளியது. நடைமுறையில் மிக அரியது. குறை நீங்கவேண்டும் என்று யார்தான் விரும்பமாட்டார் என்று நாம் கேட்கலாம். உண்மையில் நமக்கு வெட்கந்தரும் பகுதி நீங்கினாற் போதும் என்றே நாம் விரும்புகிறோம். இன்பந்தரும் பகுதியை வைத்துக்கொள்ளவே ஆசைப்படுகிறோம். சினத்தை ரோசம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். பிடிவாதத்தைக் கொள்கை என்கிறோம். பிறர்மீது வைத்த பழைய பகையை மானம் என்று போற்றுகிறோம். குடித்துவிட்டு மனைவியை ஏசியவர் அதற்காக மறுநாள் வெட்கப்படுவார். குடியாத நாளில் ஏசுவதற்கு வெட்கப்படமாட்டார். அது தம் உரிமை என்றே எண்ணுவார். இவ்வுரிமைகளைக் கைவிடச் சம்மதித்தலே ஆறாம் படி.

ஏழாம் படியின் முதல் வரைவில் முழந்தாளிட்டு வேண்டுதல் என்னும் சொற்களும் இருந்தன. தெய்வ நம்பிக்கையில்லாத உறுப்பினரும் அக்கூட்டத்தில் இருந்தமையால், அவர்கள் கருத்தை மதித்து அச்சொற்கள் நீக்கப்பட்டன. இறைவனைத் தாம் தாம் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்றும் வகுக்கப்பட்டது. முழந்தாள் போயிற்று, பணிவு என்ற சொல் நின்றது. உடல் வளைவது வேறு, உள்ளம் வளைவது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் பணிவு என்பது யாது? தன்னைத் தானே இழித்துப் பேசுதல் பணிவு எனப் பலர் மயங்குகின்றனர். குடிநோயாளரின் மனம் இரண்டு கரைகளுக்கிடையே அலைவது. ஒரு நாள் "என்னைப்போல ஒருவன் இந்த ஊரிலேயே இல்லை" என்பார். மறுநாள் "என்னைப்போலப் பாவி உலகத்திலேயே இல்லை" என்று அழுவார். இரண்டு கூற்றிலும் உலகத்தின் நடுவில் நிற்பவர் அவரே. தன்னை உள்ள அளவிலே காண்பதே பணிவு. இன்ன குறை என்னிடமுண்டு, இன்ன நன்மையும் என்னிடமுண்டு, இன்னது என்னால் தனித்து இயலாது என்று கணக்குப்பிள்ளை ஏட்டிற் பதிவதுபோலக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல் அது. அழுது புலம்புவதிலும் இது கடினமானது, பயனும் மிகுந்தது.

சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இக்கருத்துப் புதியதாகத் தோன்றாது. உயிரைப் பற்றிய மும்மலங்களுள் ஆணவத்தையே நம் ஆசிரியர்கள் முதலாவதாக வைத்தனர். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்னும் நூலில் ஆணவத்தைப் புற இருளோடு ஒப்பிட்டு, இரண்டுக்குமுள்ள வேற்றுமையை எடுத்துக் காட்டுகிறார். புற இருள் ஏனைய பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும். இருளில் நிற்பவனுக்குத் தான் நிற்பது இருளில் என்பதாவது தெரியும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். சித்தாந்தம் கூறும் ஆணவமும் அமெரிக்கர் கூறிய குணக்குற்றமும் முற்றும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், குடிநோயாளரோடு பழகிய எவரும் இவ்வொப்புமையின் ஆழத்தை உடனே உணர்வர். ஊரெல்லாம் அறிந்த குடியை அவர் ஒருவரே அறியாதிருக்கிறார். "நினைச்சால் நாளைக்கே விட்டிடுவன்" என்கிறார். தன்னை மறைத்துக்கொள்ளும் இருளைத் தன் கண்ணாற் காண இயலாது. அதற்கு இன்னொருவர் விளக்கேற்ற வேண்டும். ஐந்தாம் படியில் இன்னொரு மனிதர் இடம்பெறுவதன் காரணத்தை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்.

திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93 ஆவது அதிகாரம். அடக்கமுடைமை 13 ஆவது. குற்றங்கடிதல் 44 ஆவது. மதுவிலக்கு மேடைகளில் முதலாவதை முழங்கும் நாம் மற்றிரண்டையும் அதனோடு சேர்த்துப் படிப்பதில்லை. குடியை விட்டவருக்கு வேண்டியவை அவ்விரண்டுமே.

இனி, பணிவைப் பழகுவது எங்ஙனம் என்று காண்போம். பணிவு எண்ணத்தினால் மட்டும் வருவதன்று. கைகால்களினாற் செய்து பழகவேண்டியது. அச்சங்கத்தின் கூட்டங்களிற் புதிதாகச் சேர்ந்தவரிடம் கதிரைகளை ஒழுங்குபடுத்தும் வேலையையும் கோப்பி தயாரிக்கும் வேலையையும் ஒப்படைப்பது வழக்கம். நேற்றுவரை பெரிய உத்தியோகத்தராக இருந்தவரும் கதிரை தூக்குவார். உழவாரப் படையைக் கையிலேந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசு நாயனாரின் சரிதத்தை அறிந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கூட்டம் இல்லாத ஊரிலே வீடு இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது, பிள்ளையின் சப்பாத்து இருக்கிறது.

இரண்டாவது பழக்கம், பிழையை அன்றன்றே ஒப்புக்கொள்வது. பத்தாம் படி இதனையே வலியுறுத்துகிறது. காலையிற் சுடுசொல் சொல்லியிருந்தால், "காலையில நான் சொன்னது பிழை" என்று மாலைக்குள் சொல்லிவிடவேண்டும். "ஆனால் நீரும்..." என்று அதனோடு ஒரு சொல்லையும் சேர்த்தலாகாது. அச்சொல் சேர்ந்த அக்கணமே மன்னிப்பு வழக்காக மாறிவிடும்.

மூன்றாவது, புகழை நாடாதிருத்தல். பெயர் வெளியிடாமை அச்சங்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 1954 ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகம் வில்சனுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்க முன்வந்தது. முழுப்பெயரைக் குறியாமல் முதலெழுத்துக்களை மாத்திரம் குறித்தே வழங்குவதாகவும் கூறியது. அவர் அதனையும் மறுத்துவிட்டார். 1950 ஆம் ஆண்டு காலமான ஸ்மித்தின் கல்லறையில் அச்சங்கத்தைப் பற்றிய ஒரு சொல்லும் பொறிக்கப்படவில்லை. மூன்று மாதம் குடியாதிருந்ததற்கு வீட்டாரிடம் மாலை மரியாதை எதிர்பார்ப்பவர் இவற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

குறைகள் யாவும் ஒரே நாளில் உதிர்ந்துவிடும் என்று எவரும் எண்ணவேண்டா. வில்சன் குடியை விட்டபின் பல ஆண்டுகள் கடுமையான மனச்சோர்வினால் வருந்தினார். பிறர் தம்மைப் போற்றவேண்டும், தம் விருப்பப்படி நடக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அதற்கு வேர் என்று 1958 ஆம் ஆண்டு அவர் வெளிப்படையாக எழுதினார். புகைப்பழக்கத்தை அவரால் நெடுங்காலம் விடமுடியவில்லை. நுரையீரல் நோயுற்று 1971 ஆம் ஆண்டு காலமானார். பல்லாயிரவர்க்கு வழிகாட்டியவரும் குறைகளோடுதான் வாழ்ந்தார். குறையேயில்லாதவராவது இங்கு இலக்கன்று. குறையை ஒளிக்காமல் அதனோடு நாள்தோறும் போராடுவதே வாழ்க்கையாகிறது. எனவே, இடையில் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டவர் "எல்லாம் போயிற்று" என்று இருந்துவிடலாகாது. ஸ்மித்தும் ஒருமுறை தவறியபின்னரே நிலைபெற்றார்.

இல்லத்தரசிகளுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பகுதி உண்டு. கணவர் குடித்த காலமெல்லாம் பொறுமையோடு குடும்பத்தைத் தாங்கிய லோயிஸ் வில்சன், அவர் குடியை விட்டபின் ஒருநாள், கூட்டத்துக்குப் போக விரைந்து புறப்படுமாறு அழைத்த கணவர்மீது சப்பாத்தை எறிந்தார். தம் செயலால் அவரே திடுக்கிட்டார். தம்மால் இயலாததை அந்நியர் சிலர் செய்து முடித்தனரே என்ற பொறாமையும், தாம் இனி வேண்டப்படாதவர் ஆயினோமோ என்ற துயரமும் தம்முள் இருந்ததை அப்பொழுது கண்டுகொண்டார். குடிநோயாளரின் குடும்பத்தாரும் மனந்தேறவேண்டும் என்ற அவ்வுணர்விலிருந்தே 1951 ஆம் ஆண்டு அல்-அனொன் என்னும் குடும்பத்தார் சங்கம் உருவாயிற்று.

குடித்தவர் திருந்தும்போது வீட்டாரும் சிலவற்றை விடவேண்டியிருக்கிறது. பழைய குற்றங்களை ஒவ்வொரு சண்டையிலும் எடுத்து வீசுதல், விருந்தினர் முன் இகழ்தல், சட்டைப் பையைச் சோதித்தல் ஆகியவற்றை மெல்ல மெல்லக் கைவிடவேண்டும். அவர் கையில் மீண்டும் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். நம்பிக்கை உடனே வராது. அது வரும்வரை காத்திருப்பது குடித்தவரின் கடமை. "இன்னும் நம்பவில்லையா?" என்று கேட்காதிருத்தலும் பணிவின் ஒரு பகுதியே.

இவ்விடத்தில் ஒன்றை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவேண்டும். பணிவு என்ற பெயரால் எந்தப் பெண்ணும் அடியையும் உதையையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணிய வேண்டியவர் தீங்கு செய்தவரே, தீங்குற்றவரல்லர். உயிருக்கும் உடலுக்கும் அச்சமுள்ள வீட்டில் முதலில் தேடவேண்டியது பாதுகாப்பு. பொறுமையைப் பற்றிய பேச்செல்லாம் அதன்பின்னரே. இந்நோய் ஆண்களுக்கு மட்டும் உரியதுமன்று; குடிநோய்க்கு ஆளான பெண்ணை ஊர் இருமடங்காகத் தூற்றுவதால், அவள் உதவி நாடுவதும் இருமடங்கு கடினமாகிறது. அத்தகையவரிடத்தில் இரக்கம் காட்டுவது நம் கடமை.

இம்முறையினாற் பயனுண்டா என்று கேட்போரும் உளர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம் 2020 ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய 27 ஆய்வுகளை அது மதிப்பிட்டது. பன்னிரண்டு படிகளை முறையாக அறிமுகப்படுத்தி இச்சங்கத்தில் ஈடுபடுத்தும் சிகிச்சை, மதுவை முற்றாக விட்டிருக்கச் செய்வதில் ஏனைய உளச் சிகிச்சைகளைவிடச் சற்று மேலான பயன் தருவதாகக் கண்டது. ஓராண்டின் பின் குடியாதிருந்தோர் இம்முறையில் நூற்றுக்கு 42 பேர். மற்றைய முறைகளில் 35 பேர். இவ்வெண்களையும் பணிவோடு நோக்கவேண்டும். எம்முறையைக் கைக்கொண்டாலும் மீளாதோர் பலர் இருக்கின்றனர். ஆதலால் ஒருவழி பயன்படாவிடின் இன்னொன்றை நாடவேண்டும். மது வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இன்று உண்டு. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளின் மனநல வைத்தியப் பிரிவுகளில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறலாம். அங்கே செல்வதைக் குலத்துக்கு இழுக்கு என்று கருதுவதும் விடவேண்டிய குறைகளுள் ஒன்று.

குடியை விட்டு முதலாண்டைக் கடந்துகொண்டிருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படிக்கக்கூடும். அவருக்குச் சொல்லக்கூடியது சிறிதே. இன்றிரவு ஒரு தாளை எடுத்து, தம்மிடம் உள்ளதாகத் தாமே அறிந்த ஒரு குறையை எழுதட்டும். பத்து வேண்டா, ஒன்று போதும். எழுதியதைத் தாம் மதிக்கும் ஒருவரிடம் நாளைக்குச் சொல்லட்டும். அவர் சொல்லுமுன்னரே கேட்பவருக்கு அது தெரிந்திருக்கவுங்கூடும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அக்குறை தலைதூக்கும் வேளையில் ஒரு கணம் தாமதித்து, வாயில் வந்த சொல்லை விழுங்கட்டும். அன்று வெற்றி கிடைத்தால் அதனை எவருக்கும் அறிவிக்காமல் உறங்கட்டும். சில நாட்களில் வீட்டார் தாமாகவே அறிந்துகொள்வர். பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னதாக அறிந்துகொள்வர்.